உழாமல் இருப்பதற்கு வாடகை

அமெரிக்காவில் விவசாயம் செய்யாமல் இருப்பதற்கே அரசாங்கம் காசு கொடுக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு சித்தப்பா இதை அவ்வப்போது போடுவார், கூடவே "நம்ம ஊரில் பார், கொடுத்துவைத்தவர்கள்" என்று ஒரு பெருமூச்சும் வரும். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் பாதிதான் உண்மை. கொடுக்கிறார்கள்தான், ஆனால் சும்மா கொடுப்பதில்லை. எல்லா நிலத்துக்கும் இல்லை, கேட்டவருக்கெல்லாமும் இல்லை, அதோடு கையெழுத்துப் போட்ட பிறகு பத்து வருஷத்துக்கு அந்த நிலத்தில் என்ன செய்யலாம், புல்லை எந்த மாதத்தில் வெட்டலாம் என்பதுவரை ஒப்பந்தம்தான் முடிவு செய்யும்.

நான் வேலைக்காக நெப்ராஸ்காவுக்கு வந்து குடியேறிய ஆள், கணினி முன்னால் உட்கார்ந்து பிழைப்பவன். கூட வேலை பார்க்கும் ஒருவருடைய மாமனார் சாண்ட்ஹில்ஸ் என்கிற புல் மூடிய மணல்மேட்டுப் பகுதியின் ஓரத்தில் மாடு மேய்க்கிறார். ராஞ்ச் என்று சொல்வார்கள், அதாவது உழவு கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலமும் மாடும்தான். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிடந்த அரசாங்க ஒப்பந்தக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்ததில் ஆரம்பித்தது, இந்தத் திட்டங்களைத் தோண்டிப் படிப்பது எனக்கு ஒரு கிறுக்காகவே ஆகிவிட்டது. படித்ததில் உருவான அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்துக்கு வாடகையாகக் கொடுக்கும் பணத்தின் பலன் வாடகை நிற்கிற அன்றைக்கே கரைய ஆரம்பித்துவிடுகிறது. குழாயாக, வேலியாக, தொட்டியாக மண்ணில் இறங்கிய பணம்தான் ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேலை செய்கிறது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் புழுதி. 1930களில் ஒக்லஹோமா, கான்சஸ், டெக்சஸ், கொலராடோ பக்கத்துச் சமவெளி முழுக்கப் புல்லைப் புரட்டிப்போட்டு கோதுமை விதைத்திருந்தார்கள். மழை பொய்த்ததும் பிடித்து வைக்க வேர் இல்லாமல் மண் காற்றோடு கிளம்பிவிட்டது. 1934 மே மாதத்தில் அந்தப் புழுதி வாஷிங்டன், நியூயார்க்கைத் தாண்டி அட்லாண்டிக்கில் நின்ற கப்பல்கள்மீது படிந்தது. ஹியூ ஹேமண்ட் பென்னட் என்ற மண் விஞ்ஞானி அதற்குப் பல வருஷங்கள் முன்பிருந்தே மண்ணரிப்பு மண்ணரிப்பு என்று கத்திக்கொண்டிருந்தவர். 1935 ஏப்ரலில் செனட் குழு முன் சாட்சி சொல்லப் போனபோது, மேற்கிலிருந்து ஒரு புழுதிப் புயல் தலைநகரை நோக்கி வருவதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அது வந்து ஜன்னலை இருட்டாக்கும்வரை பேச்சை இழுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் அந்த ஏப்ரல் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது, மண் பாதுகாப்புத் துறை உருவானது, பென்னட்தான் முதல் தலைவர். அந்தத் துறைக்குத்தான் 1994இல் என்.ஆர்.சி.எஸ். என்று பெயர் மாறியது. இன்றைக்கு விவசாயியின் வயலுக்கு வந்து பூட்ஸ் அழுக்காக நிற்கும் அரசு ஆள் பெரும்பாலும் அந்தத் துறைக்காரர்தான்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1933இல் விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக, பயிரைக் குறைத்தால் பணம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். விளைந்துகொண்டிருந்த பருத்தியை உழுது அழித்தார்கள், அறுபது லட்சம் பன்றிக்குட்டிகளை வாங்கிக் கொன்றார்கள். பணம் நில உரிமையாளர் கைக்குப் போனது. தெற்கே விளைச்சலில் பங்கு என்று அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள், அதிலும் கறுப்பினத்தவர்கள், இனி ஆள் தேவையில்லை என்று வெளியேற்றப்பட்டார்கள். நிலத்தை வைத்துப் பணம் கொடுக்கும் திட்டம் எதுவானாலும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் போகும் என்பது அப்போதே தெரிந்துபோன விஷயம்.

வாட்ஸ்அப் சித்தப்பா சொல்லும் திட்டத்தின் பெயர் சி.ஆர்.பி. ரீகன் காலத்தில், 1985 டிசம்பரில் வந்த சட்டத்தில் பிறந்தது. அப்போது தானியம் மலைபோலக் குவிந்து விலை சரிந்து, கடன் கட்ட முடியாமல் பண்ணைகள் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. உழுதால் அரித்துக்கொண்டு போகும் நிலத்தை 10 முதல் 15 வருஷம் புல்லோ மரமோ வைத்து மூடி விடுங்கள், வருஷா வருஷம் ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகை தருகிறோம் என்றார்கள். மண்ணும் மிஞ்சும், உபரியும் குறையும், விவசாயிக்கும் ஒரு நிலையான வருமானம். ஒரே கல்லில் மூன்று மாங்காய். சேர்வதற்குப் போட்டி உண்டு. என் நிலத்தை இவ்வளவு வாடகைக்குத் தருகிறேன் என்று விவசாயி கேட்க வேண்டும், அந்த நிலத்தைப் புல்லாக்கினால் பறவைக்கு, தண்ணீருக்கு, மண்ணுக்கு எவ்வளவு நன்மை என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 2007இல் இது உச்சத்தைத் தொட்டது: 3 கோடியே 68 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகமான நிலம் உழவில்லாமல் புல்லாகக் கிடந்தது. பலனும் இருந்தது. விளைநிலத்தில் மண்ணரிப்பு 1982இல் வருஷத்துக்குச் சுமார் 300 கோடி டன்னாக இருந்தது 2007இல் 170 கோடி டன் அளவுக்கு இறங்கியது. அதே 1985 சட்டத்தில் இருந்த மிரட்டலுக்கும் அதில் பங்கு உண்டு: அரிக்கும் நிலத்தைத் திட்டமில்லாமல் உழுதால், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் வைத்தால், மற்ற மானியங்கள் எதுவும் கிடையாது.

அப்புறம் வந்தது எத்தனால். பெட்ரோலில் மக்காச்சோளச் சாராயத்தைக் கலக்கச் சொல்லி 2005இலும் 2007இலும் சட்டம் போட்டார்கள். 2005 வாக்கில் ஒரு புஷெல், அதாவது 25 கிலோ மக்காச்சோளம், இரண்டு டாலர் பக்கத்தில் கிடந்தது. 2012இல் வறட்சியும் சேர்ந்துகொள்ள 8 டாலரைத் தாண்டியது. பத்து வருஷம் முன்னால் பேசிய வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடிகிற வருஷத்தில் எட்டு டாலர் சோளத்தைப் பார்க்கும் மனிதன் என்ன செய்வான்? உழுதான். 2014 சட்டத்தில் அரசே உச்சவரம்பை 2 கோடியே 40 லட்சம் ஏக்கராகக் குறைத்தது. 2018இல் 2 கோடியே 70 லட்சம் வரை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள், ஆனால் அதே கையோடு வாடகையை உள்ளூர் சராசரியில் 85 சதவீதம் என்று வெட்டினார்கள். இடத்தைக் கூட்டிவிட்டு விலையைக் குறைத்தால் யார் வருவார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்றை அந்த மாமனார்தான் எனக்குக் காட்டினார். சி.ஆர்.பி.யில் இருந்து வெளியே வரும் நிலம் முன்பு உழுத நிலம். அதைச் சுற்றி வேலி இருக்காது, மாடு குடிக்கத் தண்ணீர் இருக்காது. புல் அருமையாக வளர்ந்து நிற்கும், ஆனால் மாட்டை விட வழியில்லை. வேலி போட்டு, கிணறு தோண்டி, குழாய் இழுக்க ஆகும் செலவைக் கணக்குப் போட்டால் கலப்பையை இறக்குவது மலிவு. சோளத்தின் மேல் ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த வேலிக்கணக்கும் பாதிக் காரணம் என்றார். பக்கத்து நிலத்தில் அப்படித்தான் நடந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அங்கே சோளத் தட்டை நின்றது.

அவருடைய ஒப்பந்தம் வேறு வகை. ஈக்விப் என்று கூப்பிடுகிறார்கள், 1996இல் வந்தது. இதில் நிலத்தைச் சும்மா போட வேண்டியதில்லை, தொழில் நடந்துகொண்டே இருக்கும். நிலத்துக்கு நல்லது செய்யும் ஒரு வேலைக்கு அரசு செலவில் பங்கு போட்டுக்கொள்ளும். இந்தப் பணத்தில் பாதி கால்நடை சார்ந்த வேலைகளுக்குப் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவர் செய்தது இதுதான்: ஒரே பெரிய மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கு வேலிகளால் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் நிலத்தடிக் குழாயில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டி வைத்து, மாடுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி விட்டு, மேய்ந்த இடத்துக்கு ஓய்வு கொடுப்பது. முன்பு ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மாடுகள் தரையைக் கட்டாந்தரையாக்கிவிட்டு, தூரத்து மேட்டில் இருக்கும் புல்லைத் தொடாமலே விட்டுவிடுமாம்.

விண்ணப்பிப்பது எப்படி என்று கேட்டேன், சிரித்தார். முதலில் அந்த மாவட்டத்து விவசாயத் துறை சேவை மையத்துக்குப் போய் எஃப்.எஸ்.ஏ. என்கிற பிரிவில் பண்ணை எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் நீங்கள் விவசாயியே இல்லை. அப்புறம் வருமானப் படிவம் (மூன்று வருஷச் சராசரி 9 லட்சம் டாலருக்கு மேல் போனால் பொதுவாகத் தகுதி இல்லை), சதுப்பு நிலத்தையும் அரிக்கும் நிலத்தையும் கெடுக்க மாட்டேன் என்று ஒரு உறுதிப் படிவம். பிறகு திட்ட அலுவலர் நிலத்தைச் சுற்றிப் பார்த்து என்ன பிரச்சினை, என்ன மருந்து என்று எழுதுவார். ஒவ்வொரு மருந்துக்கும் நாடு முழுக்க ஒரே எண்: வேலி 382, தண்ணீர்த் தொட்டி 614, கால்நடைக் குழாய் 516, திட்டமிட்ட மேய்ச்சல் 528, மண்ணை மூடி வைப்பதற்காகவே விதைக்கும் மூடுபயிர் 340. பழகியவர்கள் "மூன்று நாற்பது போட்டேன்" என்றே பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் மதிப்பெண், வரிசை, காத்திருப்பு. 2010 முதல் 2020 வரை ஈக்விப் கேட்டவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை, 31 சதவீதம்தான். ஆக, கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்ற கதையை இதோடு விட்டுவிடலாம்.

கிடைத்தவர்களுக்கும் ஒரு பெரிய விதி உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கினால் பணம் கிடையாது. கையெழுத்தான பிறகும் பணம் முன்னால் வராது. சொந்தக் காசைப் போட்டோ வங்கியில் வாங்கியோ வேலியை முடித்து, அலுவலர் வந்து அளந்து, சரி என்று ஒப்பம் வைத்த பிறகுதான், அதுவும் ஒரு அடிக்கு இவ்வளவு என்று முன்பே குறித்த விகிதத்தில் வரும். பொதுவாகச் செலவில் 75 சதவீதம் வரை. தொழிலுக்கு வந்து பத்து வருஷம் ஆகாதவர்கள், வருமானம் குறைந்தவர்கள், முன்னாள் ராணுவத்தினர் போன்றோருக்கு 90 வரை போகலாம், பாதியை முன்பணமாகவும் கேட்கலாம். கையில் காசு இருப்பவனுக்கே இந்த முறை வசதி. வங்கியில் நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் வேலி முதலில் எழும்பும். முன்பண வசதியை எல்லாச் சிறு பண்ணைகளுக்கும் விரித்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இருந்தாலும் இந்த வகைப் பணம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வேலிக்கான ஒப்பந்தம் முடிந்து போனாலும் வேலி நிற்கும், குழாயில் தண்ணீர் வரும், மாற்றி மாற்றி மேய்க்கும் பழக்கமும் கூடவே நிற்கும், ஏனென்றால் அதில் அவருக்கே லாபம். பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. மேற்கு மாநிலங்களில் சேஜ் க்ரௌஸ் என்று ஒரு காட்டுக்கோழி அழிந்துகொண்டிருந்தது. அதை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தால் மேய்ச்சலுக்கே கட்டுப்பாடு வரும் என்ற பயம். 2010இல் என்.ஆர்.சி.எஸ். ராஞ்ச்காரர்களோடு சேர்ந்து வேலையை ஆரம்பித்தது: புல்வெளிக்குள் புகுந்த ஜூனிப்பர் மரங்களை வெட்டுவது, மேய்ச்சலைத் திட்டமிடுவது, தாழப் பறக்கும் கோழி முட்டிச் சாகாமல் இருக்கக் கம்பி வேலியில் சின்னச் சின்ன வெள்ளைத் தகடுகளை மாட்டுவது. 2015 செப்டம்பரில் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று அரசு முடிவெடுத்தது. கோழிக்கு நல்லது மந்தைக்கும் நல்லது என்பதுதான் அங்கே எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு.

மண்ணில் இறக்கும் பணம் தப்பான இடத்திலும் இறங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். புழுதிக் காலத்துக்குப் பிறகு, காற்றைத் தடுக்க வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை 1942க்குள் சுமார் 22 கோடி மரங்களை அரசு நட்டது. நட்டவற்றில் ரெட்சீடர் என்ற மரமும் ஒன்று. பெயர்தான் சீடர், உண்மையில் ஜூனிப்பர் வகை. காற்றைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், மாடு தின்னாது. பிறகும் பல பத்தாண்டுகள் காற்றுத் தடுப்புக்கு என்று மலிவு விலையில் கன்று கொடுத்தார்கள். தீ வைத்துப் புல்லைப் புதுப்பிக்கும் பழைய வழக்கமும் ஒடுங்கிப்போனதால், அந்த மரம் பறவை எச்சத்தில் விதை பரவி இன்றைக்கு மேய்ச்சல் நிலத்தை ஏக்கர் ஏக்கராக விழுங்கிக்கொண்டிருக்கிறது. அடியில் புல் முளைக்காது. இப்போது அதை வெட்டவும், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடிக் கட்டுப்பாடாகத் தீ வைத்து எரிக்கவும் அதே துறை பணம் தருகிறது, எண்கள் 314, 338. மாமனார் தன் அப்பா நட்ட வரிசையைக் காட்டி, அதற்கும் அரசு உதவியது, இதற்கும் உதவுகிறது என்றார். குரலில் கிண்டல் இருந்ததா என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

வாடகைப் பணத்திலும் நான் மதிக்கும் ஒரு வகை உண்டு. முழு நிலத்தையும் எடுக்காமல், ஓடைக்கரை, சரிவு, வயலுக்குக் குறுக்கே ஒரு பட்டை என்று கொஞ்சம் மட்டும் எடுப்பது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007 முதல் நீல் ஸ்மித் வனவிலங்கு சரணாலயத்தில் சோதித்துப் பார்த்தார்கள்: வயலில் 10 சதவீதத்தைப் பழைய புல்வெளிச் செடிகள் கொண்ட பட்டைகளாக மாற்றினால் வெளியே அடித்துப்போகும் மண் 95 சதவீதம் குறைகிறது. 2018 சட்டத்தில் இது சி.ஆர்.பி.க்குள் வந்தது. அந்தச் சரிவான மூலையில் விளைச்சலும் எப்படியும் மட்டம்தான், அதனால் விலை ஏறினாலும் அதை உழ ஆசை வருவதில்லை.

யாருக்குக் கிடைக்காது என்பதுதான் கசப்பான பக்கம். தெற்கில் பல கறுப்பினக் குடும்பங்களில் தாத்தா உயில் எழுதாமல் செத்துப்போயிருப்பார். நிலம் பேரன் பேத்தி எல்லோருக்கும் பிரிக்காத பாகமாகக் கிடக்கும். சுத்தமான பத்திரம் இல்லை, அதனால் பண்ணை எண் இல்லை, எண் இல்லாததால் கடனும் இல்லை, திட்டமும் இல்லை. வேறு ஆவணங்களைக் காட்டி எண் வாங்கலாம் என்ற வழி 2018 சட்டத்தில்தான் திறந்தது. விவசாயத் துறைக் கடன்களில் இனப்பாகுபாடு காட்டியதற்கான பிக்ஃபோர்டு வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்தது. 2024 ஜூலையில்கூடப் பாகுபாட்டால் பாதிக்கப்பட்ட 43,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 200 கோடி டாலர் கொடுத்தார்கள். இதைத் தவிர குத்தகைக்காரர் பிரச்சினை தனி. நாட்டின் விவசாய நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகையில் இருக்கிறது. வருஷா வருஷம் புதுப்பிக்கும் குத்தகையை வைத்துக்கொண்டு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? யாரோ ஒருவருடைய நிலத்தில் எதற்குக் குழாய் பதிப்பது?

பேரிடர் உதவிகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, அவை ஓரளவு ஒழுங்காகவே ஓடுகின்றன. வறட்சி என்றால் வியாழக்கிழமைதோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் உங்கள் மாவட்டம் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதை வைத்துத் தீவனப் பணம். பனிப்புயலில் கன்று செத்தால் சந்தை விலையில் 75 சதவீதம். 2019 மார்ச்சில் நெப்ராஸ்காவை வெள்ளமும் பனியும் சேர்ந்து அடித்தபோது, கன்று ஈனும் பருவமாகப் பார்த்து வந்ததால், பலர் இதை நம்பித்தான் இருந்தார்கள். ஆனால் எத்தனை செத்தன என்பதற்குச் சான்று வேண்டும். வெள்ளம் அடித்துக்கொண்டு போன கன்றுக்கு எதைப் போட்டோ எடுப்பது என்பது அவர்கள் கேட்ட கேள்வி.

எனக்கு எரிச்சல் வரும் இடம் வேறு. ஒரு கை புல்லாக்கப் பணம் தருகிறது, இன்னொரு கை பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்தைக் கட்டி உழச் சொல்கிறது. விளையாத நிலத்தை உழுதாலும் நஷ்டம் பெரிதாக வராது என்றால் யார்தான் உழமாட்டார்கள்? புதிதாகப் புல்வெளியைக் கிழித்தால் முதல் நான்கு வருஷம் அந்த மானியத்தைக் குறைக்கும் விதி இருக்கிறது, ஆறு மாநிலங்களில் மட்டும். நெப்ராஸ்கா அதில் ஒன்று, தெற்கே பக்கத்திலேயே இருக்கும் கான்சஸ் இல்லை. புல்லுக்கு மாநில எல்லை தெரியுமா என்ன.

பணம் எப்போது வரும் என்ற நம்பிக்கையும் இப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. 2022இல் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் கீழ் இந்தத் திட்டங்களுக்குக் கூடுதலாக 1,950 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2025 தொடக்கத்தில் புது நிர்வாகம் அந்தப் பணத்தை நிறுத்தி வைத்தது. கையெழுத்தான ஒப்பந்தத்தை நம்பி ஏற்கெனவே வேலியும் குழாயும் போட்டு முடித்தவர்கள் பில்லை வைத்துக்கொண்டு நின்றார்கள். பிப்ரவரி 20ஆம் தேதிதான் முதல் தவணையாக 2 கோடி டாலர் விடுவிப்பதாக அறிவிப்பு வந்தது. அந்த ஜூலையில் மிச்சப் பணத்தைத் திட்டங்களின் நிரந்தர ஒதுக்கீட்டோடு சேர்த்துவிட்டார்கள், அது நல்ல முடிவுதான். ஆனால் முதலில் நீ செலவழி, பிறகு நான் தருகிறேன் என்ற ஏற்பாடு முழுக்க ஒரு வார்த்தையின் மேல் நிற்கிறது. அந்தக் குளிர்காலத்தில் காத்திருந்தவர்கள் அடுத்த முறை கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இங்கே நம்மவர்கள் சிலர் முதலீட்டுக்கு என்று பண்ணை நிலம் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்களுக்காக ஒன்று. வாங்கும் நிலத்தில் சி.ஆர்.பி. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கிரயத்துக்கு முன்பே எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டால், விற்றவர் இதுவரை வாங்கிய வாடகை முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், அந்தச் சண்டை உங்கள் வாசலுக்குத்தான் வரும். ஏற்றுக்கொண்டால் மீதி வருஷத்து வாடகை உங்களுக்கு. முடிகிற வருஷத்தில் சொந்தமாக மாடு வைக்க எண்ணம் இல்லையென்றால், புதிதாகத் தொழிலுக்கு வரும் யாருக்காவது நீண்ட குத்தகைக்கு விட்டால் கூடுதலாக இரண்டு வருஷ வாடகை வரை தரும் பிரிவு ஒன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள். வேலி இருக்கிறதா என்று மட்டும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.